முடிவும் முரண்பாடும்: ‘எவாஞ்சலியன்’ தொடரின் இறுதி அத்தியாயங்கள் பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

கலைப் படைப்பொன்று எவ்வாறு முடிவடைகின்றது என்னும் வினா கதையமைப்பை மாத்திரம் பற்றியதன்று. படைப்பாளிக்கும் நுகர்வோருக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கையொன்று உண்டு. அது நிறைவேறும் இடமும் முடிவே. நிறைவேறாதவிடத்து அது வெளிப்படையான பிணக்காக மாறும் இடமும் முடிவே. ஹென்றிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879ஆம் ஆண்டு வெளிவந்தபோது, கணவனையும் பிள்ளைகளையும் விட்டு நோரா வெளியேறும் இறுதிக் காட்சி ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தினரிடையே பெருங்கொதிப்பை ஏற்படுத்தியது. ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகையே அம்முடிவை நடிக்க மறுத்தார். பிறர் கைபட்டுத் தமது நாடகம் சிதைவதிலும் தாமே மாற்றுவது மேலெனக் கருதிய இப்சன், நோரா பிள்ளைகளின் அறைவாயிலில் தளர்ந்து விழுந்து வீட்டிலேயே தங்கிவிடுவதாக மற்றொரு முடிவை 1880இல் எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுத்தபின் அதனைத் தமது நாடகத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்றே கருதினார். முடிவு பற்றிய பிணக்கினை வெறும் சுவைவேறுபாடாகக் கொள்ளலாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஒரு சமூகம் கலையிடம் எதனைக் கேட்கின்றது, எதனைக் கேட்க மறுக்கின்றது என்பதை அறிவதற்கு அத்தகைய பிணக்குகள் சிறந்த சான்றுகளாகும்.

இப்சனுக்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் பிற்பட்ட, முற்றிலும் வேறான ஒரு கலைவடிவத்தில் எழுந்த இத்தகைய பிணக்கொன்றையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். ‘நியோன் ஜெனசிஸ் எவாஞ்சலியன்’ என்னும் யப்பானிய இயங்குசித்திரத் தொடர், 1995 ஒக்டோபர் 4ஆந் திகதி முதல் 1996 மார்ச் 27ஆந் திகதி வரை 26 அத்தியாயங்களாக ரோக்கியோவில் தொலைக்காட்சி மூலம் ஒளிபரப்பப்பட்டது. யப்பானிய இயங்குசித்திரங்கள் இன்று உலகெங்கும் ‘அனிமே’ என்றே வழங்கப்படுகின்றன. கைனாக்ஸ் என்னும் சிறிய நிறுவனத்திற்காக இத்தொடரை நெறிப்படுத்தியவர் ஹிடெயாக்கி அன்னோ. இருபத்துநான்கு அத்தியாயங்கள் வரை பார்வையாளரை ஈர்த்துக் கட்டிவைத்திருந்த இத்தொடர், இறுதி இரு அத்தியாயங்களில் அவர்களுள் ஒரு பெரும்பகுதியினரைச் சினங்கொள்ளச் செய்தது. முப்பதாண்டுகள் கழிந்தும் அப்பிணக்கு ஓயவில்லை. 2019 ஜூனில் நெற்பிளிக்ஸ் இத்தொடரை உலகெங்கும் வெளியிட்டதன் பின்னர், 1996இல் பிறந்திராத தலைமுறையினரும் அதே வாதத்தை அதே வேகத்துடன் நடத்தலாயினர்.

இதனை எழுதுவதற்கு எமக்கு ஒரு தனிப்பட்ட கடப்பாடும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் கருத்தரங்கொன்றிலே இத்தொடர் பற்றிப் பேச்செழுந்தபோது, சமூக நெருக்கடிக்குத் தனிமனித உளத்தினுள்ளே தீர்வு தேடும் குட்டிமுதலாளித்துவக் கருத்துமுதல்வாதம் என ஒரே வாக்கியத்தில் அதனை நாம் ஒதுக்கிவிட்டோம். பின்வரிசையிலிருந்து மாணவர் ஒருவர் எழுந்து, “அப்படியென்றால், மாசக்கணக்காக விடுதி அறையை விட்டு வெளியே வராமல் கிடந்த எனக்கு, அதைப் பார்த்த பிறகு ஆக்களோடு கதைக்கவேணும் என்ற எண்ணம் ஏன் வந்தது, சேர்?” என வினவினார். அவ்வேளை எம்மிடம் விடை இருக்கவில்லை. ஒரு படைப்பின் கருத்துநிலையை இனங்கண்டுவிட்டால் அதன் தொழிற்பாட்டையும் விளக்கிவிட்டதாக எண்ணும் பழக்கம் எம்மிடையே உண்டு. அப்பழக்கத்தின் போதாமையை அவ்வினா எமக்குக் காட்டிற்று. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்திக் கூறும் விடையெனக் கொள்ளப்படலாம்.

2. கதையும் அதன் கைவிடலும்

தொடரை அறியாதார் பொருட்டுக் கதையினைச் சுருக்கிக் கூறுதல் அவசியமாகின்றது. 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்த பேரழிவொன்றில் மனித இனத்தின் பாதி மடிந்துவிட்டது. 2015இல், ‘தூதர்’ எனப்படும் விளங்காத பேருருவங்கள் மூன்றாம் புதிய ரோக்கியோ என்னும் நகரைத் தாக்குகின்றன. அவற்றை எதிர்க்க ‘நேர்வ்’ என்னும் இராணுவத் தன்மை வாய்ந்த நிறுவனம் ‘எவா’ எனப்படும் இராட்சத உருவங்களை இயக்குகின்றது. அவற்றைச் செலுத்தக்கூடியவர்கள் பதினான்கு வயதுச் சிறுவர் மாத்திரமே. அவர்களுள் ஒருவன் ஷின்ஜி. சிறுவயதிலேயே தன்னைக் கைவிட்டுச் சென்ற தந்தை கெண்டோ, நேர்வின் தலைவனாக இருந்துகொண்டு அவனை அழைப்பிக்கிறான். அழைப்பது மகனை அன்று, செலுத்துநனை. ஏற்றால் தந்தையின் பார்வை கிட்டும், மறுத்தால் மீண்டும் கைவிடப்படுவான் என்ற நிலையில் ஷின்ஜி போருக்குச் செல்கிறான்.

இவற்றின் பின்னணியில் மறைவாக ஒரு திட்டம் நடைபெறுகின்றது. மனிதரைத் தனித்தனி உயிர்களாகப் பிரித்துவைக்கும் எல்லைகளை அழித்து, எல்லா உள்ளங்களையும் ஒன்றாகக் கலந்து, தனிமையும் வேதனையும் அற்ற ஒரே உயிராக ஆக்குதலே அத்திட்டம். இருபத்துநான்காம் அத்தியாயத்தில் இறுதித் தூதன் மனித வடிவில் ஷின்ஜியின் நண்பனாக வந்து, அவன் கையாலேயே மடிகின்றான். இனிப் பெரும்போர் நிகழும், மறைபொருள்கள் யாவும் வெளிப்படும் என எல்லோரும் எதிர்பார்த்திருந்தனர்.

இருபத்தைந்தாம் இருபத்தாறாம் அத்தியாயங்களில் அவை எவையும் நிகழவில்லை. இருண்ட மேடையொன்றில், ஒளிவட்டத்தின் நடுவே, மடக்கு நாற்காலியில் ஷின்ஜி அமர்ந்திருக்கிறான். அவனும் ஏனைய பாத்திரங்களும் ஒருவரையொருவர் விசாரிக்கின்றனர். முன்னைய அத்தியாயங்களின் படங்கள், நிழற்படங்கள், நிறந்தீட்டாத கோட்டுருவங்கள், எழுத்துப்பிரதியின் தாள்கள் ஆகியன மாறிமாறித் தோன்றுகின்றன. இறுதியில் ஷின்ஜி, தான் இங்கே இருக்கலாம் என்னும் முடிவுக்கு வருகிறான். சூழ நிற்கும் அனைவரும் கைதட்டி அவனை வாழ்த்துகின்றனர். தொடர் அத்துடன் நிறைவுறுகின்றது.

3. உற்பத்தி நிலைமைகள்

இம்முடிவுக்குப் பொதுவாக இருவகை விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. பணமும் காலமும் தீர்ந்துபோயின, ஆகவே கையிலிருந்ததைக் கொண்டு ஒப்பேற்றினர் என்பது முதலாவது. ஆழ்ந்த மெய்ஞ்ஞானப் பொருள் உண்டு, புரியாதார் புரியாதாரே என்பது இரண்டாவது. முன்னது கொச்சைப் பொருளாதாரவாதம், பின்னது மறைஞானவாதம். பொருள்முதல்வாத நோக்கு இரண்டிலிருந்தும் வேறுபடுவது. நிலைமைகள் எவை, அந்நிலைமைகளைப் படைப்பாளிகள் எதுவாக மாற்றினர் என்ற இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புவதே அதன் முறையாகும்.

யப்பானில் வாராந்த இயங்குசித்திரத் தொடர் என்னும் வடிவம் நிலைபெற்றது, ஒசாமு தெசூக்காவின் ‘அணுச் சிறுவன்’ 1963 ஜனவரி 1ஆந் திகதி ஒளிபரப்பாகத் தொடங்கியதோடாகும். தயாரிப்புச் செலவிலும் குறைந்த விலைக்கே அத்தொடர் விற்கப்பட்டது. குறைநிரப்பு, பாத்திரங்களின் உருவம் பொறித்த பண்டங்களிலிருந்து பெறப்பட்டது. செலவைக் கட்டுப்படுத்தும்பொருட்டு வரைதல்களின் தொகையும் குறைக்கப்பட்டது. திரைப்படச் சுருளில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் உள; ஒரு வரைதலை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் செக்கனுக்கு எட்டு வரைதல்கள் போதும். உடல் அசையாது வாய் மாத்திரம் அசைதல், நீண்டநேரம் நிற்கும் நிலைப்படம், பயன்படுத்திய காட்சியை மீண்டும் பயன்படுத்தல் ஆகிய உத்திகள் இவ்வாறு பிறந்தன. இடைவரைஞர்கள் வரைதலுக்கு இவ்வளவு எனத் துண்டுக்கூலி பெறலாயினர். 1970களிலிருந்து இவ்வேலையில் ஒரு பகுதி கூலி குறைந்த தென்கொரியாவுக்கும் அனுப்பப்பட்டது. அனிமேயின் ‘பாணி’ என இன்று போற்றப்படுவதிற் பெரும்பகுதி, இக்கூலி உறவினுள் உருவாகியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

முடிவுகளும் இவ்வுறவிலிருந்து விடுபட்டவையல்ல. 1979இல் ஆரம்பித்த ‘கண்டாம்’ என்னும் புகழ்பெற்ற இயந்திரமனிதத் தொடர், 52 அத்தியாயங்களுக்குத் திட்டமிடப்பட்டிருந்தும், விளம்பர ஆதரவளித்த விளையாட்டுப்பொருள் நிறுவனத்துக்கு விற்பனை போதாமையால், 43 அத்தியாயங்களுடன் 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. கதை எப்போது முடியவேண்டும் என்பதைக் கதையன்றிக் கடை தீர்மானித்தது.

எவாஞ்சலியன் இம்மரபின் வழிவந்ததே. அன்னோவும் அவருடைய சகாக்களும் இத்தகைய தொடர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினர். தொடரின் பிற்பகுதியில் தயாரிப்பு அட்டவணை குலைந்துபோனமை நன்கறியப்பட்ட செய்தியாகும். இருபத்திரண்டாம் அத்தியாயத்திலே, அசுகா, ரேய் என்னும் இரு சிறுமியர் மின்னுயர்த்தியொன்றிலே பேசாது நிற்கும் ஒரே நிலைப்படம் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் நீடிக்கின்றது. செலவு மிச்சம் என இதனைக் கூறலாம். ஆனால் ஒருவரையொருவர் வெறுத்தவாறு ஒரே அறையில் அகப்பட்டுள்ள இருவரின் மௌனத்தை, செக்கனுக்கு இருபத்துநான்கு வரைதல்கள் கொண்டும் இதனிலும் வலிமையாகக் காட்டியிருக்க முடியுமா என்பது ஐயமே. இல்லாமை இங்கே உருவமாக மாறுகின்றது. இறுதி இரு அத்தியாயங்களும் இம்மாற்றத்தின் எல்லைக்கு இட்டுச்செல்லப்பட்ட வடிவமாகும்.

4. காலச்சூழல்

1989 டிசம்பர் இறுதியில் ரோக்கியோப் பங்குச்சந்தையின் நிக்கேய் சுட்டெண் 38,900ஐத் தாண்டி உச்சத்தை அடைந்தது. அடுத்த ஆண்டிலேயே சரிவு தொடங்கியது. அவ்வுச்சத்தைச் சந்தை மீண்டும் கடந்தது 2024 பெப்ரவரியிலாகும். நன்கு படித்தால் நல்ல பல்கலைக்கழகம், அதன்பின் பெரிய நிறுவனம், அங்கே ஆயுட்கால வேலை என்ற போருக்குப் பிந்திய வாக்குறுதி 1990களில் உடைந்தது. 1995 ஜனவரி 17ஆந் திகதி கோபே நகரை அழித்த நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு மார்ச் 20ஆந் திகதி, ஓம் ஷின்றிக்கியோ என்னும் மதக்குழுவினர் ரோக்கியோ நிலக்கீழ்ப் புகையிரதங்களில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினர். அக்குழுவின் முன்னணியிலே உயர்கல்வி பெற்ற விஞ்ஞானப் பட்டதாரிகளும் இருந்தமை நாட்டைத் திகைக்கச் செய்தது.

எவாஞ்சலியனை இந்நிகழ்ச்சிகளின் ‘பிரதிபலிப்பு’ என உடனே கூறிவிடலாகாது. தொடரின் திட்டமிடல் 1993ஆம் ஆண்டளவிலேயே ஆரம்பித்துவிட்டது. எனினும் படைப்பு நுகரப்பட்ட சூழல் இதுவே. தம்மைப் பெற்ற தலைமுறையின் வாக்குறுதியில் நம்பிக்கை இழந்தும், அவ்வாக்குறுதியின் கட்டளைகளிலிருந்து விடுபடாதும் இருந்த இளைஞர்க்கு, தந்தையின் கட்டளைப்படி பொறியில் ஏறும் சிறுவனின் கதை அந்நியமாகத் தோன்றியிராது. அறையைவிட்டு வெளியேறாத இளைஞரைக் குறிக்கும் ‘ஹிகிகொமோரி’ என்ற சொல்லை உளமருத்துவர் தமாக்கி சயித்தோ தமது நூலின் மூலம் பரவலாக்கியது 1998இலாகும். சொல் வரும் முன்னரே நிலைமை இருந்தது.

5. உருவமும் உள்ளடக்கமும்

இருபத்தாறாம் அத்தியாயம் ஓர் எழுத்தறிவித்தலுடன் தொடங்குகின்றது. எல்லா மனிதரின் உள்ளங்களும் நிறைவாக்கப்பட்டு வருகின்றன, அவை அனைத்தையும் கூறுவதற்குக் காலம் போதாது, ஆகவே ஷின்ஜி என்னும் ஒரு சிறுவனைப் பற்றி மாத்திரம் கூறுவோம் என்பது அதன் சாரம். கதையினுட் பொருந்தும் இவ்வாக்கியம், தயாரிப்புக்கூடத்தின் உண்மையும் ஆகும். காலம் போதாமை மறைக்கப்படவில்லை, அறிவிக்கப்படுகின்றது. தொடர்ந்து வரும் கோட்டுருவங்களும் எழுத்துப்பிரதித் தாள்களும் இதே வகையின. பண்ட உற்பத்தி, பண்டத்தினுள் உறைந்திருக்கும் உழைப்பை மறைக்கும் தன்மை வாய்ந்தது. முழுமையாக நிறந்தீட்டி வழவழப்பாக அசையும் படத்தில் வரைந்த கையைக் காண்பதற்கில்லை. இங்கே வண்ணம் கழன்று விழ, கோடு தெரிகின்றது. கோட்டின் பின்னே வரைந்த கை உணரப்படுகின்றது.

பிரெக்ட்டின் ‘செசுவானின் நல்ல பெண்’ 1943இல் சூரிச்சில் முதன்முறை மேடையேறியது. அதன் பின்னுரையில் நடிகர் ஒருவர், முடிவு தரவியலாமைக்கு வருந்தி, ஏற்ற முடிவைப் பார்வையாளரே தேடவேண்டுமெனக் கேட்கின்றார். மாயத்தைக் குலைத்துப் பார்வையாளரைத் தீர்ப்பாளராக்கும் அம்முறையும் அன்னோவின் முறையும் ஒன்றெனக் கூற நாம் முற்படவில்லை. பிரெக்ட் பார்வையாளரைச் சமூகத்தை நோக்கித் திருப்பினார்; அன்னோ அவர்களை அவர்கள்மீதே திருப்பினார். இவ்வேறுபாடு சிறியதன்று, அதற்கு நாம் மீண்டும் வருவோம். ஆயினும், மாயத்தில் மூழ்கியிருக்க வந்தவரை மாயத்திலிருந்து எழுப்புதல் என்ற செயல் இரண்டிலும் பொதுவானது.

இவ்வத்தியாயத்தின் மையமாக நாம் கருதும் காட்சி பின்வருவதாகும். ஷின்ஜி வெறும் வெண்மையில் மிதக்கிறான். அங்கே எதுவும் இல்லை. ஆகவே தடையும் இல்லை. இதுவே முழுச் சுதந்திரம் என அவனுக்குக் கூறப்படுகின்றது. ஆனால் அச்சுதந்திரத்தில் அவனால் எதுவுஞ் செய்ய முடியவில்லை. அப்போது கீழே ஒரு கோடு வரையப்படுகின்றது. கோடு தரையாகின்றது. மேல், கீழ் என்ற வேறுபாடு பிறக்க, அவனது சுதந்திரத்தில் ஒரு பங்கு குறைகின்றது. ஆனால் இப்போது அவன் நிற்கவும் நடக்கவும் கூடும். தொடர்ந்து, பிறர் ஒருவரும் இல்லாத உலகில் தன் உருவத்தையும் அவனால் அறிய முடியாதெனக் காட்டப்படுகின்றது. பிறரோடுள்ள வேறுபாட்டினாலேயே தான் என்பது வரையறை பெறுகின்றது.

வெற்றுத்தாளும் பேனாவும் மாத்திரம் கொண்டு ஆக்கப்பட்ட இக்காட்சி இயங்குசித்திரக் கலையின் மிக வறிய காட்சிகளுள் ஒன்று. கருத்துவளம் மிக்க காட்சிகளுள்ளும் ஒன்று. சுதந்திரம் என்பது அவசியத்தை அறிதலுடன் தொடர்புடையது என்னும் இயக்கவியற் கருத்தை ஒரேயொரு கோட்டினால் அது விளக்கிவிடுகின்றது. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பாகத்தின் முதலாம் அத்தியாயத்தில் வரும் ஓர் அடிக்குறிப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. மனிதன் கையிற் கண்ணாடியோடு பிறப்பதில்லை என்றும், பேதுரு என்பவன் பவுல் என்பவனைத் தன்போன்ற மனிதனாகக் காண்பதன் வழியாகவே தன்னையும் மனிதனாகக் காண்கிறான் என்றும் அதிலே மார்க்ஸ் விளக்குகின்றார். அன்னோ மார்க்ஸைப் பின்பற்றினார் என்பது எமது கருத்தன்று. நாம் தனிமனிதவாதம் என ஒதுக்கிய முடிவு, தனித்த மனிதன் என ஒருவன் இருக்கவே முடியாது என்பதைத் தனது மையத்திலே கொண்டிருந்தது என்பதே நாம் கூற விரும்புவது. எம் மாணவரின் அனுபவத்துக்கு விளக்கம் இங்கேயே உள்ளது. படைப்பு அவரிடம் ‘உன்னுள்ளே செல்’ எனக் கூறவில்லை. உன்னுள்ளே சென்றாலும் அங்கும் பிறரே இருக்கின்றனர் எனக் கூறிற்று.

6. சினத்தின் பொருள்

இவ்வளவும் உண்மையாயின் சினம் எங்கிருந்து எழுந்தது? பார்வையாளர் அறியாதார் என்பது விடையன்று. ஆறு மாதங்கள் தம் நேரத்தையும் பற்றையும் செலவிட்டோர், வாக்களிக்கப்பட்ட பண்டம் கையளிக்கப்படவில்லை என உணர்ந்தனர். நுகர்வோர் என்ற நிலையில் அவர்களது முறைப்பாடு நியாயமானதே. மறைபொருள்களை அடுக்கி ஆவலை வளர்த்த தொடர், அவற்றை விடுவிக்காது விட்டமை உண்மையான குறைபாடாகும். அதனை மறைத்துப் புகழ்தல் திறனாய்வு ஆகாது.

ஆனால் அச்சினத்தில் மற்றொரு கூறும் உண்டு. இருபத்தாறாம் அத்தியாயத்தின் நடுவே, போரும் தூதரும் இல்லாத மகிழ்வான பள்ளிக்கூட உலகம் ஒன்று சில நிமிடங்கள் காட்டப்படுகின்றது. அங்கே பேசாமடந்தையாகிய ரேய், வாயிற் பாண்துண்டுடன் ஓடிவரும் துடுக்குப் பெண்ணாக மாறியிருக்கிறாள். விமரிசகர் ஹிரொக்கி அசுமா 2001இல் வெளியிட்ட நூலில் இக்காட்சியைச் சுட்டிக்காட்டினார். கதையிலிருந்து பாத்திரங்களைப் பிரித்தெடுத்துத் தாம் விரும்பியவாறு அடுக்கி மகிழும் இரசிகரின் நுகர்வு முறையைத் தொடரே முன்கூட்டி நடித்துக்காட்டிவிட்டது என்பது அவர் கருத்தின் சாரம். இரசிகர் விரும்பக்கூடிய உலகத்தைக் கொடுத்து, அதுவும் புனைவே எனக் காட்டி, உடனே பறித்துக்கொண்டது அம்முடிவு. தம் இன்பத்தின் பொறிமுறையைத் திரையிலே கண்டவர் அமைதியாக இருப்பது அரிது.

எதிர்ப்பின் விளைவாகவும் சந்தையின் வேண்டுகையாலும் 1997 ஜூலை 19ஆந் திகதி ‘எவாஞ்சலியனின் முடிவு’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. புறநிகழ்ச்சிகள் யாவும் அதிலே உள. அரச படையினர் நேர்வின் ஊழியரைக் கொன்று குவிக்கின்றனர். மனித இனம் முழுவதும் ஒரே கடலாகக் கரைகின்றது. அன்னோவுக்கு வந்த கடிதங்களும் சுவரெழுத்துகளும் கணப்பொழுது திரையில் தோன்றி மறைகின்றன. திரையரங்கிலே அமர்ந்திருக்கும் பார்வையாளரையே திரை காட்டுகின்றது. இறுதியில், வேதனையற்ற ஒன்றிப்பை மறுத்து, பிறர் உள்ளதும் அவர்கள் தன்னைப் புண்படுத்தக்கூடியதுமான உலகையே ஷின்ஜி தெரிவுசெய்கிறான். சிவந்த கடற்கரையில் அவன் முதலிற் செய்வது அசுகாவின் கழுத்தை நெரிப்பது. அவளது கை அவன் கன்னத்தைத் தடவ, அவன் அழுகிறான்.

இங்கே ஒரு முக்கியமான முடிவுக்கு நாம் வரலாம். காலமும் பணமும் கிடைத்தபோதும் படைப்பாளிகள் அதே தெரிவையே அளித்தனர். இப்சன் 1880இல் தம் முடிவை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. அன்னோ 1997இல் மாற்றவில்லை. கைதட்டலோடு கூறியதைக் குருதியோடு கூறினார். ஆகவே 1996இன் முடிவை வறுமையின் விபத்து எனக் கொள்ளுதல் பொருந்தாது.

7. வரம்பும் வளர்ச்சியும்

எனினும் எமது பழைய தீர்ப்பில் ஓர் உண்மை எஞ்சியே உள்ளது. கைதட்டும் வட்டத்திலே கெண்டோவும் நிற்கிறான். சிறுவரைப் போருக்கு அனுப்பிய தந்தை, ஒரு வினாவுக்கும் முகங்கொடாது வாழ்த்துவோருள் ஒருவனாகிவிடுகிறான். இறுதி எழுத்தறிவித்தல் தந்தைக்கு நன்றியும் கூறுகின்றது. ஷின்ஜியின் தனிமை அவனது நோக்கின் குறையிலிருந்து மாத்திரம் பிறந்ததன்று. அவனைக் கருவியாகக் கொண்ட நிறுவனத்திலிருந்தும், அந்நிறுவனத்தை நடத்திய அதிகாரத்திலிருந்தும் அது பிறந்தது. நோக்கு மாறினால் உலகு மாறும் என்ற கூற்று, உலகை அவ்வாறு ஆக்கியோரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கின்றது. பிறர் தேவை என்பதைக் கண்ட தொடர், அப்பிறருடன் எத்தகைய உறவில், எத்தகைய உழைப்பில் இணைவது என்பதைக் காணவில்லை. பிரெக்ட்டுக்கும் அன்னோவுக்கும் இடையே மேலே நாம் சுட்டிய வேறுபாடு இங்கேயே தனது விலையைக் கேட்கின்றது.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது 2021 மார்ச் 8ஆந் திகதி யப்பானில் வெளியான இறுதித் திரைப்படமாகும். அன்னோ 2006இல் நிறுவிய ‘காரா’ என்னும் சொந்த நிறுவனம், 2007 முதல் புதிதாக எடுத்த நான்கு படங்களுள் இது கடைசி. இதில், அழிவிலிருந்து தப்பியோர் அமைத்த கிராமம் ஒன்று வருகின்றது. ரேயின் பிரதியாக ஆக்கப்பட்ட பெண், கிராமத்துப் பெண்களோடு சேற்றிலிறங்கி நாற்று நடுகிறாள். ஒவ்வொரு வாழ்த்துரைக்கும் என்ன பொருள் எனக் கேட்டறிகிறாள். பேச்சற்றுக் கிடந்த ஷின்ஜியும் மெல்ல மெல்ல அவ்வாழ்வின் ஓரத்திற்கு வருகிறான். அதன் பின்னரே தந்தையை எதிர்கொண்டு வினவும் வலிமை அவனுக்கு உண்டாகின்றது. 1996இல் மேடையும் நாற்காலியும் செய்யமுடியாததை 2021இல் வயலும் கூட்டுழைப்பும் செய்கின்றன. அக்கிராமம் வெளியிலிருந்து வரும் உதவியிலே தங்கியுள்ளமையும், பழைய கமவாழ்வு பற்றிய ஏக்கம் அதிலே கலந்துள்ளமையும் மறுக்கப்படுவதற்கில்லை. ஆயினும் வளர்ச்சி வளர்ச்சியே. படத்தின் ஈற்றில், வளர்ந்த ஷின்ஜி புகையிரத நிலையத்திலிருந்து வெளியே ஓடுகிறான். சித்திரம் மறைய, அன்னோவின் பிறந்த ஊராகிய ஊபேயின் மெய்யான தெருக்கள் வானிலிருந்து காட்டப்படுகின்றன. வெளியே செல்லுங்கள் என்பதே இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் கூறிவந்தது.

அக்கூற்றின்மீது சந்தை தனது சொந்தப் பொருளையும் ஏற்றியது. வெளியே செல் என்ற படைப்பின் உருவங்கள் பொம்மைகளிலும் பச்சிங்கோ எனப்படும் சூதாட்டப் பொறிகளிலும் பொறிக்கப்பட்டு, மக்களை உள்ளேயே இருத்திவைக்கப் பயன்பட்டன. 2021ஆம் ஆண்டுப் படம் யப்பானில் மாத்திரம் ஆயிரம் கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. தொடரைத் தயாரித்த கைனாக்ஸோ 2024இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. முதலாளித்துவ அமைப்பினுள் மக்கள் கலைக்கு நேரும் முரண்பாடு இதுவாகும். அம்முரண்பாட்டைக் காரணங்காட்டிப் படைப்பை நிராகரித்தலும், அதனைக் காணாது படைப்பை வழிபடுதலும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

8. முடிவுரை

எவாஞ்சலியனின் இறுதி அத்தியாயங்கள் குறையுடையன. அக்குறைகள் அவற்றை ஈன்ற உற்பத்தி உறவுகளின் வடுக்கள். அவ்வடுக்களை மறையாது, அவற்றையே மொழியாகக் கொண்டு, மனிதன் பிறரால் ஆகியவன் என்ற உண்மையைச் சோர்வுற்ற ஒரு தலைமுறையிடம் கூறியமை அவற்றின் சாதனை. அவ்வுண்மையைச் சமூக மாற்றத்தின் எல்லைவரை கொண்டுசெல்லாமை அவற்றின் வரம்பு. சாதனையைச் சொல்லாது வரம்பை மாத்திரம் சொன்னமை எமது தவறு.

அன்று வினவிய மாணவர் இன்று பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். முற்போக்குத் திறனாய்வு தன் சொற்களை மாணவர்மீது சுமத்துமாயின் அவர்கள் அறைக்கதவை மூடிக்கொள்வர். அவர்கள் கதவைத் திறப்பதற்கு எது உதவிற்று எனக் கேட்டு, திறந்த கதவுக்கு அப்பால் எவ்வழி செல்வது என்பதை அவர்களோடு சேர்ந்து ஆராய்வதே எமது பணியாகும்.